மேல் வீட்டுக்குக் கேட்ட நாவல்

ஒரு மாதத்தில் ஒரு நாவல் எழுதுவது என்று முடிவெடுத்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன்னால் நான் எழுதியதிலேயே நீளமானது, எங்கள் கம்பெனி மென்பொருளில் இருந்த ஒரு பிழையைப் பற்றிய ஒன்பது பக்க அறிக்கை. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை எடுத்து, இதை அழுத்தினால் என்ன ஆகும், அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. பதினெட்டு வருடமாக அதையே செய்ததில் எதைப் பார்த்தாலும் அழுத்திப் பார்க்கத் தோன்றும். நாவல் விஷயமும் அப்படித்தான் ஆரம்பித்தது. என்னை எழுதச் சொன்னால் என்ன ஆகும்?

வாட்ஸ்அப்பில் ஒரு குழு. நவம்பர் ஒன்றாம் தேதி தொடங்கி முப்பதாம் தேதிக்குள் ஐம்பதாயிரம் சொற்கள் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். தினமும் சாயங்காலம் அன்றைய எண்ணிக்கையைக் குழுவில் போட வேண்டும். யாரையும் எனக்குத் தெரியாது, யாருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

முதல் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டினேன். தமிழ் தட்டச்சு எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆயிரம் சொல்லைத் தொடுவதற்குள் மகளுக்குப் பள்ளி வண்டி வந்துவிடும். நாலாம் நாள், இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது, போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமே என்று தோன்றியது. போனை மசாலா டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். புள்ளி, கமா எதுவும் சொல்லவில்லை, அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆயிரத்து எண்ணூறு சொல். சட்னியும் அரைத்து முடித்திருந்தேன்.

போனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடவில்லை. "அவ ஊட்டுக்குப் போகலை" என்று நான் சொன்னால், "அவ ஊட்டிக்குப் போகலை" என்று எழுதிக்கொள்ளும். முதல் அத்தியாயத்தில் மட்டும் என் கதாநாயகி பதினோரு முறை ஊட்டிக்குப் போகாமல் இருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயராக விழுந்ததால் பெயரே வேண்டாம், அவள் என்றே இருக்கட்டும் என்று விட்டேன்.

கதை இதுதான். முப்பத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி பெருந்துறையில் ஒரு கார்மெண்ட்ஸ் யூனிட்டில் வேலை செய்கிறாள். ஒரு நாள் காலையில் டிபன் பாக்ஸோடு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். யூனிட்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறாமல் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். நானும் பெருந்துறையில் வளர்ந்தவள் என்பதால் அந்த இடமெல்லாம் கண் முன்னாலேயே இருந்தது. ஆனால் அவள் ஏன் ஏறினாள் என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க அந்த ஒரு கேள்விதான் என்னைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பியது. அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன செய்வாள் என்று யோசித்தபடியே பால் காய்ச்சுவேன்.

ஒன்பதாம் நாள் அது நின்றுபோனது. காரணம் எதுவும் இல்லை. காந்திபுரத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குழுவில் சொன்னேன். நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். சூரியன் உதிக்கிற படத்தின் மேல் எழுதிய வாசகங்கள் ஏழெட்டு வந்தன. ஐநூறு சொல் எழுதினால் ஒரு சாக்லேட் சாப்பிடுங்கள் என்றார் ஒருவர். சாக்லேட்டை முதலிலேயே சாப்பிட்டுவிட்டேன். பத்தாம் நாளும் பதினோராம் நாளும் ஒரு சொல்கூட இல்லை. அந்த இரண்டு காலையும் பேசாமல் சமைத்தேன். சமையல் சீக்கிரம் முடிந்தது. ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பி லிஃப்டுக்கு நின்றபோது, எங்களுக்கு நேர் மேல் வீட்டு அக்கா படியில் இறங்கி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சென்னிமலைப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரர் இல்லை. மகனோடும் மருமகளோடும் இங்கே வந்து நாலு வருடம் ஆகிறது. அவர்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. எனக்கும் அவருக்கும் அதுவரை சிரிப்பும், "சாப்டாச்சுங்களா"வும்தான். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளைக்கு இப்ப எப்பிடிங்க இருக்குது?"

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல். அதைக் கேட்கிறார் என்று நினைத்து, இப்போது பரவாயில்லை, பள்ளிக்கூடம் போகிறாள் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"உங்க புள்ளை இல்லீங்க. பெருந்துறைல பஸ் ஏறுச்சே, அந்தப் புள்ளை. ரெண்டு நாளா நீங்க ஒண்ணும் பேசக் காணோம். எனக்குப் பக்குன்னு ஆயிப்போச்சுங்க."

எங்கள் கட்டடத்தில் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் பின்னால் பாத்திரம் கழுவ ஒரு சின்ன இடம் உண்டு. அவை எல்லாம் நாலு மாடிக்கும் பொதுவாக, வெளிச்சத்துக்காக விட்ட ஒரு குறுகலான சந்துப் பக்கமாகத் திறக்கும். அக்கா விடியற்காலையில் அங்கே உட்கார்ந்து பாத்திரம் கழுவுவார். நான் என் அம்மாவோடு போனில் பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார். எங்கள் சொந்தத்தில் யாரோ ஒரு பெண் வீட்டை விட்டு வந்துவிட்டாள், அவளைப் பற்றி நான் தினமும் அம்மாவுக்குச் சொல்கிறேன் என்று. பாதி குக்கர் சத்தத்தில் போய்விடும், மீதியை அவரே சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட் வந்து நின்றது, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். அவர் முகத்தைப் பார்த்தபோது, அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று என்னைவிட அவர் அதிகமாக விரும்புவது தெரிந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

"இன்னும் ஒண்ணும் தெரியலீங்க்கா," என்றேன். அது மட்டும் உண்மை.

மறுநாள் காலையில் பின்கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். இரண்டாயிரத்து நூறு சொல்.

அதற்குப் பிறகு ஒரு வாரம், நான் எழுதிய வாரங்களிலேயே விசித்திரமானது அதுதான். மேலே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். நான் பேச ஆரம்பித்ததும் நிற்கும். கவனிக்கக் கவனிக்க ஒன்று புரிந்தது. சத்தம் திரும்ப ஆரம்பித்தால் நான் பேசுவது சலிப்பாகிவிட்டது என்று அர்த்தம். காந்திபுரம் பஸ் நிலையத்தை நான் வர்ணித்தபோது மேலே ஒரு முழு அடுக்குப் பாத்திரமும் துலக்கி முடிந்துவிட்டது. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதி சாப்பிட்டு, மீதியை மத்தியானத்துக்கு என்று மூடி வைத்தபோது ஒரு கரண்டி கூட அசையவில்லை. எந்த வரிக்கு நிற்கிறது, எந்த வரிக்குத் தொடங்குகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். என் வேலையில் இப்படி ஒரு சோதனைக் கருவி இதுவரை கிடைத்ததில்லை.

பார்க்கும்போதெல்லாம் அக்கா ஏதாவது கேட்பார். பையில் என்ன எடுத்துக்கொண்டு வந்தாள்? மாற்றுத் துணி உண்டா? ஆதார் கார்டு கையில் இருக்கிறதா? கழுத்தில் காதில் கிடந்ததைப் போட்டுக்கொண்டு வந்தாளா, கழற்றி வைத்துவிட்டாளா? எனக்கு இவையெல்லாம் தோன்றியதே இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்பேன். மறுநாள் காலை அதற்குப் பதில் கதையில் வரும். ஆதார் கார்டு இல்லை என்று வைத்தேன். அதிலிருந்தே இரண்டு அத்தியாயம் வந்தது, எந்த விடுதியிலும் அவளுக்கு இடம் தர மாட்டோம் என்றார்கள். குழுவில் என் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறீர்கள், உங்கள் உத்தி என்ன என்று கேட்டார்கள். கதவைத் திறந்து வைத்து எழுதுங்கள் என்று போட்டேன். அதில் ஏதோ ஆழமான பொருள் இருப்பதாக நினைத்து ஒரு பத்துப் பேர் கைகூப்பினார்கள்.

என் கணவரிடம் சொன்னபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, அந்தம்மாவிடம் சொல்லிவிடு, நாளைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். ஒரு காலையில் அவள் தன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிற இடம் வந்தது. அழுதுகொண்டேதான் சொல்லி முடித்தேன். மேலே சத்தமே இல்லை. அன்றைக்காவது போய்ச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது.

அவருடைய பெரியம்மா மகள் இரண்டு தெரு தள்ளி லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறாராம். கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். வாசலைப் பார்த்துக்கொள்ளவும், சமையலை மேற்பார்க்கவும் நம்பிக்கையான ஒரு பொம்பளை ஆள் வேண்டுமாம். தங்க ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. ஆதார் இல்லை என்றாலும் தான் பொறுப்பு என்று அக்கா சொல்லிவிட்டாராம். எதற்காக வந்தாள், எங்கிருந்து வந்தாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் பேசி வைத்திருந்தார்.

"திங்கக்கிழமை காலைல வரச் சொல்லிப்போடுங்க அம்மணி. நானே கூட்டிட்டுப் போய் உட்டுப்போட்டு வாரேன்."

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனை எடுத்து அந்தக் கோப்பைத் திறந்து காட்டினேன். நான் கதை எழுதுகிறேன், அந்தப் பெண் நிஜத்தில் இல்லை, நான் பேசியதெல்லாம் போனுக்குத்தான், அம்மாவுக்கு இல்லை என்று சொன்னேன். அவர் போனைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"கதைங்களா?"

"ஆமாங்க்கா."

"அன்னிக்கி அழுதீங்களே?"

"நெசமாத்தான் அழுதேனுங்க."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். கிருத்திகைக்குச் சென்னிமலை போயிருந்தபோது, தன் பேரப்பிள்ளைக்கு ஒரு விளக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு விளக்கும் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு எழுந்து, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள்.

மறுநாள் காலையில் மேலே சத்தம் இல்லை. மேல் வீட்டுப் பின்கதவும் மூடியிருந்தது. பேச வாயெடுத்தேன், என் குரல் எனக்கே வேற்றாளுடையது போலக் கேட்டது. நாற்பது சொல் சொல்லிவிட்டு அழித்தேன். நாலு நாள் அப்படியே போனது. ஏமாற்றிவிட்டோம் என்ற கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அடுத்து அவர் என்ன கேட்பார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. கதையில் அவளும் அந்த நாலு நாளாக ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டே இருந்தாள்.

ஐந்தாம் நாள் ஆபீசிலிருந்து வந்ததும் நேராக மாடி ஏறிப் போனேன். என்ன சொல்வது என்று படியிலேயே இரண்டு விதமாக ஒத்திகை பார்த்தேன். மருமகள்தான் கதவைத் திறந்தாள். காதில் ஹெட்செட், வீட்டிலிருந்தே வேலை. அத்தை ஹாஸ்டலில் இருப்பார் என்றாள். யாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று கேட்டேன். அவள் என்னைக் குழப்பமாகப் பார்த்தாள். பார்க்கப் போகவில்லை, திங்கட்கிழமையிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறார், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறார், உங்களிடம் சொல்லவில்லையா என்றாள்.

நடந்தே போனேன். மழை விட்டுத் தெருவெல்லாம் சேறு. ஹாஸ்டல் வாசலில் ஒரு மேசை போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னால் பெரிய நோட்டு. வருகிற பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பெண் மத்தியானம் சாப்பிடவில்லை என்று சொல்ல, ஏன் கண்ணு, இப்பவே போய் நாலு தோசை உண்டுபோட்டு வா என்று அவளை உள்ளே அனுப்பினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி விட்டார். உட்கார்ந்தேன்.

படியில் ஒத்திகை பார்த்தது இரண்டும் மறந்துபோனது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"ஆளு வருதுன்னு சொல்லிப்போட்டேனுங்க. வாசல்ல அவங்க காத்துட்டு நிப்பாங்க. யாரு போறது?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுக்காவ மட்டும் வந்தேன்னு நெனைக்காதீங்க," என்று அவரே தொடர்ந்தார். "அந்தப் புள்ளைக்கு இந்த வேலை ஒத்து வருமா வராதான்னு ஒரு வாரமா யோசிச்சேனுங்க. வாசல்ல உக்காந்து நாலு பேரைப் பாக்கலாம், பேசலாம், நேரம் போறதே தெரியாதுன்னு. அது கதைன்னு நீங்க சொன்ன பொறவு ஊட்டுல போய் உக்காந்தேன். யோசிச்சது எல்லாம் எனக்குத்தான் ஒத்து வர்ற மாதிரி இருந்துச்சுங்க."

மகன் ஒத்துக்கொண்டானா என்று கேட்டேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தானாம், இரண்டாம் நாள் அவனே வண்டியில் கொண்டுவந்து விட்டானாம். அதைச் சொல்லும்போது சிரித்தார். நாலு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்திருந்தாலும் கவனித்ததில்லை.

கிளம்பும்போது நோட்டை மூடிவிட்டுக் கேட்டார். "அது எதுக்குப் பஸ் ஏறுச்சுன்னு நீங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே?"

"எனக்கே தெரியாதுங்க்கா."

"உங்களுக்கே தெரியாமயா இத்தன நாளா எழுதறீங்க?"

"தெரிஞ்சுக்கலாம்னுதாங்க எழுதறேன்."

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்த மாதிரி இருந்தது. சரி, தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்றார்.

அதற்குப் பிறகு மிச்சம் நாலு நாள்தான். மேலே விடியற்காலையில் யாரும் இல்லை, அக்கா ஐந்து மணிக்கே ஹாஸ்டலில் இட்லிச் சட்டி முன்னால் நின்றிருப்பார். ஆனாலும் கதவைத் திறந்து வைத்தேன். கேட்க ஆளில்லாமல் வருமா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. முதல் நாள் அறுநூறு வந்தது. இரண்டாம் நாள் ஆயிரத்து இருநூறு. பாத்திரச் சத்தம் எங்கே நின்றிருக்கும், எங்கே தொடங்கியிருக்கும் என்று எனக்கே ஓரளவு தெரிய ஆரம்பித்திருந்தது. ஜவுளிக்கடையை விட்டு அவளைச் சீக்கிரமே கிளப்பிவிட்டேன். முப்பதாம் தேதி காலையில், தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது, அவள் ஏன் பஸ் ஏறினாள் என்பது என் வாயிலிருந்து தானாக வந்தது. அன்றைக்கு யூனிட்டில் மின்சாரம் இல்லை, வேலை இல்லை என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டில் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக, யாருக்கும் தெரியாத ஒரு பகல் அவள் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பார்க்கத்தான் ஏறினாள். சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். அடி, உதை, குடிகாரப் புருஷன் என்று நான் நினைத்து வைத்திருந்தது எதுவுமே இல்லை. ஏமாற்றமாக இருந்தது, பிறகு அப்படி இல்லை.

அன்று சாயங்காலம் குழுவில் என் கணக்கைப் போட்டேன், நாற்பத்தோராயிரம் சொச்சம். ஐம்பதாயிரம் தொட்டவர்களுக்குப் பெயர் போட்ட சான்றிதழ் வந்தது, எனக்கு வரவில்லை. அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் குழுவைத் திறக்காமல் இருந்தேன்.

அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். "அவ்வளவுதானுங்களா?" என்றார். உதட்டைப் பிதுக்கினார். நோட்டில் யாரோ கையெழுத்துப் போட்டு முடித்ததும், "இருக்குமுங்க," என்றார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், முழுசாகக் கேட்க வேண்டும், குக்கர் சத்தம் இல்லாமல் என்று அவரே கூப்பிட்டார். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். அக்காவும், ஊருக்குப் போகாத நாலு பெண்களும் இருந்தார்கள். ஒருத்தி மேசையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். இன்னொருத்தி போனைப் பார்த்தபடியே இருந்தாள், கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். நான் முடித்ததும் அவள் தலையைத் தூக்கி, அவங்களுக்கு பஸ்ஸில் சன்னலோர சீட் கிடைத்ததா என்று கேட்டாள்.

நான் அதை எழுதியிருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.